இறக்காத பால்குடம்

எங்கள் மகளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் மூன்றாவது முறை தரித்தபோது, பெருமுக்கல் மலைமேல் இருக்கும் சிவனுக்குப் பால்குடம் எடுப்பதாக என் மனைவி வேண்டிக்கொண்டாள்.

திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி, அடிவாரத்தில் குளித்து, ஈரத்துணியோடு ஏறினோம். தலையில் ஏற்றிய பாலை அபிஷேகத்துக்கு முன்னால் கீழே வைக்கக் கூடாது. வைத்தால் சாமிக்கு ஆகாது. அவள் இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்திருந்தாள். நான் தேங்காய்ப் பையோடு பின்னால் போனேன்.

பாதி மலையில் பாறை இடுக்கிலிருந்து நாய்கள் கிளம்பின. பையை வீசினேன். மற்றவை சிதறின. ஒன்று மட்டும் குரைக்காமல், வாயில் எச்சில் ஒழுக, நேராக அவளை நோக்கி வந்தது.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் கோலோடு ஓடி வந்தாள்.

"யம்மா, கொடத்த எறக்கி வச்சிட்டு ஓடு!"

"எறக்கக் கூடாதுக்கா!"

"நல்லாக்கீது போ! சாமிக்குப் பாலு, நாய்க்கு உன் கெண்டக்காலா?"

சொல்லிக்கொண்டே குறுக்கே வந்து அடித்தாள். நாய் அவள் மணிக்கட்டைக் கவ்விக் குதறிவிட்டு ஓடியது.

வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்பை எடுத்துக் காயத்தில் அப்பிக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாக்கா," என்று மனைவி கெஞ்சினாள்.

"தொப்புள சுத்தி ஊசி போடுவாங்களாமே! அதுக்கு நாய்க்கடியே தேவல. ஆட்ட யாரு ஓட்டுவா? நீ போ, பாலு திரிஞ்சிடப் போவுது."

பாலை ஊற்றிவிட்டு இறங்கியபோது அவளைக் காணவில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம். ஆடுகள் எந்தப் பக்கம் போயினவோ. கடைசி பஸ் போய்விடும் என்று நடையைக் கட்டினோம்.

ஈசன் புண்ணியத்தில் பேரன் பிறந்தான். மறுவருடம் நன்றிக்கு ஒரு பால்குடம். அந்தப் பெண்ணுக்கென்று மனைவி ஒரு புடவையும் வாங்கி என் பையில் வைத்திருந்தாள். அதே பாறையருகே வேறொருத்தி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். விசாரித்தோம்.

"எங்க அண்ணிய கேக்கறீங்களா? தண்ணியப் பாத்தாலே அலறிச்சிங்க. ஆஸ்பத்திரில கட்டிப்போட்டுட்டாங்க. கொழந்தைங்களைக்கூட கிட்ட விடல. அப்பிடியே போயிடுச்சி."

 மனைவி குடத்தைத் தலையிலிருந்து எடுத்துப் பாறைமேல் வைத்தாள்.

"யம்மா, எறக்கிட்டியே! சாமிக்கு ஆவாதே!" என்று அந்தப் பெண் பதறினாள்.

"அன்னிக்கே எறக்கியிருக்கணும்," என்றாள் மனைவி.

புடவையை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அன்றைக்கு நாங்கள் மேலே ஏறவில்லை.