மிதிங்கப்பா, உடுங்கப்பா

போன வாரம் பக்கத்து மனையில் தண்ணீருக்குப் போர் போட்டார்கள். காலை ஆறு மணிக்கு, பாறையைத் துளைக்கிற ரிக் லாரி வந்து நின்றது. எட்டு மணிக்குள் கொடியில் கிடந்த துணி, மாடிப்படி, பாலுக்கு வைத்த சொம்பு எல்லாம் சாம்பல் பூத்துவிட்டன. ஊரில் பாதிப் பேர் ரிக்கில் பிழைக்கிற திருச்செங்கோட்டில் குடியிருந்துகொண்டு ரிக் தூசியைக் குறை சொன்னால் ஊரே சிரிக்கும். அதனால் வாயைத் திறக்காமல் ஜன்னலைச் சாத்தப் போனேன். போனவள் சாத்தாமல் அப்படியே நின்றுவிட்டேன். பாறை பொடியாகி, அதில் தண்ணீர் பட்டு, கூடவே கொஞ்சம் டீசலும் கலந்தால் ஒரு வாசனை வரும். எனக்கு அது அப்பாவின் வாசனை.

அப்பா இருபத்தெட்டு வருடம் ரிக் லாரி ஓட்டினார். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று எங்கெங்கோ. பொங்கலுக்கு ஒரு தடவை, மழைக்கு வண்டி நிற்கிற ஆடியில் ஒரு தடவை வீட்டுக்கு வருவார். வந்ததும் அம்மா அவருடைய பையை வாசலிலேயே கவிழ்த்து உதறுவாள். நான் விருந்தாளியிடம் கேட்பதுபோல "எப்ப வந்தீங்ப்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே ஓடிவிடுவேன். அவர் "படிக்கிறயா சாமி?" என்பார். "படிக்கறனுங்க." எங்கள் பேச்சு அவ்வளவுதான். படித்து முடித்து நான் வேலைக்குப் போய் ஏழெட்டு வருடம் ஆன பிறகும் "படிக்கிறயா" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் படிப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேலை என்றால் பெரிய வேலை இல்லை. இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில், மெக்கானிக்கல் துறை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். லேப் புத்தகம், கேள்வித்தாள் எல்லாம் அடித்து அடித்து ஒரு வண்டியில் இருக்கிற அத்தனை உறுப்பின் பெயரும் எனக்கு எழுத்துப் பிழையில்லாமல் தெரியும். ஒன்றையும் கையால் தொட்டதில்லை. ஆனால் எங்கள் தெருவில், மெக்கானிக்கலில் வேலை செய்கிற பெண் என்றால் மெக்கானிக் என்றே அர்த்தம். மிக்ஸி நின்றுபோனால்கூட என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். நானும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடையில குடுத்துப் பாருங்க்கா" என்பேன்.

சிறுநீரகம் கெட்டுப்போய்த்தான் அப்பா வண்டியை விட்டு இறங்கினார். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர், மாத்திரை விழுங்குவதும் அதற்குள்தான். காலையில் அம்மா ஒரு பாட்டிலில் அளந்து வைப்பாள். அதை அவர் கண் முன்னாலேயே வைத்துக்கொண்டு, வாய் வறண்டால் ஒரு மடக்கு, அப்புறம் மூடியைத் திருகி வைப்பார். ஒருநாள் அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இத்தன ஊருல போர் போட்டனே, ஒண்ணுலகூட ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல சாமி."

எனக்குப் புரியவில்லை. அப்புறம் விளக்கினார். தண்ணீர் பீறிட்டு வருகிற நேரம் அது தண்ணீர் மாதிரியே இருக்காது, பாறைக் குழம்பு. தோட்டத்துக்குச் சொந்தக்காரர் சூடம் கொளுத்துவார், தேங்காய் உடைப்பார். இவர்கள் பைப்பை இறக்கிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் ஒரு வாரம் கழித்து வேறு யாரோ மோட்டார் மாட்டி, தண்ணீர் தெளியும்போது இவர்கள் நூறு மைல் தள்ளி இருப்பார்கள். கோலார் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பத்தின் தோட்டத்தில் மட்டும், முதலில் துளைத்த பாயிண்ட் தண்ணீரில்லாமல் வெறும் புகையாகப் போய் இரண்டாவதில் தண்ணீர் வந்ததாம். "தெளிஞ்சதும் ஒருநாள் வந்து குடிச்சிட்டுப் போங்கண்ணா" என்று அந்த வீட்டுப் பெண் சொன்னதாம். அதற்குப் பிறகு அந்த ரோட்டில் எத்தனையோ தடவை போனாராம், நிறுத்த நேரமில்லையாம்.

அவரை ஒரு தடவை அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டு வரலாம் என்றால் பஸ்ஸில் அவரால் உட்கார முடியாது. காரிலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கால் வீங்கிவிடும், படுத்தாக வேண்டும். டாக்டர் யோசித்துவிட்டு, "புதன் கிளம்பி வியாழன் வந்துடுங்க. வெள்ளி காலைல ஏழு மணிக்கு இங்க கட்டில்ல இருக்கணும். வண்டி நின்னுபோச்சுன்னு எல்லாம் காரணம் சொல்லக் கூடாது, அவருக்கு நெஞ்சுல தண்ணி ஏறிடும்" என்றார்.

வண்டி வந்து சேர்ந்தது அப்பாவின் பழைய முதலாளியிடமிருந்து. வெளிமாநிலத்தில் ஓடுகிற தன் ரிக்குகளைப் பார்க்கப் போகும்போது தங்கிக்கொள்ள, நாமக்கல்லில் கொடுத்து அவர் ஒரு சின்ன வேனுக்கு வீடு மாதிரி பாடி கட்டியிருந்தார். ஒரு ஆள் படுக்கிற மெத்தை, விரித்தால் இன்னொரு பலகை, கேஸ் அடுப்புக்கு மேடை, முகம் பார்க்கக் கண்ணாடி. ஏழு வருடமாக ஷெட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கிடந்தது. நாங்கள் போய்க் கதவைத் திறந்தபோது மெத்தைமேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. "எடத்த அடைச்சுட்டு நிக்குதுங்கண்ணா, எடுத்துட்டுப் போங்க" என்றார் முதலாளி. குஞ்சு பொரிக்கிறவரைக்கும் பொறுத்து, அப்புறம்தான் இழுத்து வந்தோம். அம்மா அதில் பிடிவாதமாக இருந்தாள்.

மெக்கானிக்கிடம் விட்டால் அவன் செய்கிறபோது செய்வான். அப்பாவுக்கு அவ்வளவு நாள் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அதனால் நானே இறங்கினேன். அப்பா ஓட்டத் தெரிந்தவரே தவிர, ஸ்பேனர் பிடித்தவர் இல்லை. அவருக்கு வண்டி நின்றால் ஆள் அனுப்பச் சொல்லத் தெரியும், அவ்வளவுதான். செல்போன் வீடியோவும் நான் அடித்த லேப் புத்தகமும்தான் துணை. கழற்றிய சாமான்களை வரிசையாகப் பேப்பரில் அடுக்கி நம்பர் எழுதினேன். மறுநாள் அம்மா வாசல் கூட்டுவதற்காக அத்தனையையும் ஒரே கூடையில் அள்ளிப் போட்டுவிட்டு, "பத்திரமா எடுத்து வெச்சிருக்கறேன் அம்முணி" என்றாள். இரண்டு வாரம் அதிலேயே போனது.

சேலத்தில் பழைய உதிரி பாகம் விற்கிற பாய் ஒருவரிடம் போனேன். கட்டம் போட்டு, வரிசை எண் கொடுத்து, அழகாக டைப் அடித்த பட்டியலை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை இறக்கி விட்டுப் படித்தார். "என்னம்மா, கொஸ்டின் பேப்பர் கொண்டாந்திருக்கீங்க?" என்றார். அன்றிலிருந்து அவருக்கு நான் டீச்சர். எல்லாச் சாமானையும் தேடித் தேடி எடுத்துக் கொடுத்தவர், பிரேக் பக்கம் வந்ததும் பட்டியலை மடித்துவிட்டார். "இத மட்டும் எங்கிட்ட பழசு கேக்காதீங்க டீச்சர். அத்தாவ உக்கார வெச்சு ஓட்டப் போறீங்க. புதுசு வாங்கிக்குங்க." அத்தா என்றால் அவர்கள் வீட்டில் அப்பா. தானே கூட நடந்து வந்து எதிர்க்கடையில் வாங்கிக் கொடுத்தார்.

பிரேக் மாட்டுவது பெரிய வித்தையில்லை. மாட்டிய பிறகு பிரேக் எண்ணெய் போகிற குழாய்க்குள் இருக்கிற காற்றை எடுப்பதுதான் வேலை. ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்துத் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். ஒருவர் முந்தினாலும் காற்று திரும்ப உள்ளே போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் ஏறினார். ரிக் வண்டியில் அப்படித்தான் ஏறுவார்களாம்.

"மிதிங்கப்பா."

"மிதிச்சுட்டன் சாமி."

"உடுங்கப்பா."

"உட்டாச்சு."

நான் திறக்கிற நேரம் அவர் காலை எடுத்துவிடுவார், அவர் மிதிக்கிற நேரம் நான் மூடியிருப்பேன். எண்ணெய் முகத்தில் வழிந்தது. மறுபடியும் முதலிலிருந்து. காலையில் ஆரம்பித்தது, சாயங்காலம் நாலாவது சக்கரம் முடிகிறபோது அப்பாவின் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. "போதுங்ப்பா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். "நீ படு சாமி, நான் மிதிக்கிறேன்" என்றார். வண்டிக்கடியில் படுத்துக்கொண்டே யோசித்தேன். முப்பத்தொரு வயதில், என் அப்பாவோடு நான் ஒரு நாள் முழுக்கப் பேசியது அன்றைக்குத்தான். பேசியதெல்லாம் இரண்டே வார்த்தை. எனக்கு அது போதவில்லை, போதும்போலவும் இருந்தது. இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

வண்டியில் புழங்குகிற தண்ணீருக்கான தொட்டி விஷயத்தில்தான் எங்கள் ஊர்ப் புத்தியைக் காட்டிவிட்டேன். திருச்செங்கோட்டில் எதற்கும் கேசிங் பைப்தான். போரில் மேலே இறக்குகிற அந்தத் தடித்த பிளாஸ்டிக் குழாயை அறுத்துப் பூந்தொட்டி வைப்பார்கள், பந்தல்கால் நடுவார்கள், நாய்க்குத் தண்ணீர் வைப்பார்கள். நானும் நாலு துண்டு அறுத்து, இரண்டு பக்கமும் மூடி ஒட்டி, மெத்தைக்கடியில் நீளவாக்கில் படுக்கப் போட்டு, தண்ணீர் திறந்துவிட ஒரு சின்னக் குழாய் வைத்தேன். இதைவிட நல்ல தொட்டி உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். பாரம் வேண்டாமென்று பாதி மட்டும் தண்ணீர் பிடித்தேன். வண்டிக்குப் பேப்பர் புதுப்பித்த கதை தனி. அதைச் சொன்னால் உங்களுக்கும் ரத்த அழுத்தம் ஏறும்.

புதன்கிழமை எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கிளம்பினோம். நான் ஓட்ட, பக்கத்தில் அப்பா, பின்னால் மெத்தையில் அம்மா. கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அம்மா அவரோடு ஒரே வண்டியில் வெளியூர் போவது அதுதான் முதல் தடவை. அம்மா பாட்டிலை நீட்டினாள். மாத்திரைக்கு இரண்டு மடக்கு குடித்துவிட்டு, "மீதி அங்க போயி" என்று மூடிவிட்டார் அப்பா.

சேலம் தாண்டி டோல்கேட்டில் பிரேக் போட்டேன். வண்டி நின்றது. நின்ற பிறகு பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல ஒரு முட்டு முட்டி முன்னால் நகர்ந்தது. நான் மாட்டிய பிரேக்தான் கோளாறு என்று நினைத்தேன். ஓரம் கட்டிக் கீழே படுத்து நாலு சக்கரத்தையும் பார்த்தேன். எண்ணெய் கசிவு இல்லை. எடுத்து ஓட்டிப் பிரேக் போட்டால் மறுபடியும் முட்டு. மறுபடியும் படுத்தேன். ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஏழு மணி என் கண்ணுக்கு முன்னால் நின்றது. "திரும்பிப் போயிரலாங்ப்பா. என்ற வேல சரியில்ல. உங்கள வெச்சுட்டு வர்றப்ப நான் தொப்பூர் மலையெறங்க மாட்டேன்" என்று அழுதேவிட்டேன். அப்பா மூடிய பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பின்னாலிருந்து அம்மா, "ஏனுங்க, வண்டி நின்னப்பறமும் எனக்குக் கீழ என்னமோ ஓடியோடிப் போகுதே, எலியா இருக்குமா?" என்றாள்.

எலியில்லை, தண்ணீர். பாதிக் குழாயில் இருந்த தண்ணீர், நான் பிரேக் போட்டதும் ஒரே ஓட்டமாக ஓடி முன்மூடியில் மோதியிருக்கிறது. கேள்வித்தாளில் இதைப்பற்றி ஆறு மார்க் கேள்வியே நான் அடித்திருக்கிறேன். குழாயைத் திறந்துவிட்டேன். ஒரு மனுஷன் காலையிலிருந்து நாக்கு வறள உட்கார்ந்திருக்க, நான் குடம் குடமாகத் தண்ணீரைத் தார் ரோட்டில் ஓடவிட்டேன். பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, "தண்ணியோட அரும தெரியுமாம்மா உங்களுக்கு?" என்று திட்டிவிட்டுப் போனார். அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். இருமல் வருகிறவரை சிரித்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தத் தோட்டம். உச்சியில் சின்னக் கோவில் இருக்கிற ஒரு பாறையை வைத்து வழி கண்டுபிடித்துவிட்டார். அந்த வீட்டுப் பெண்ணுக்கு இப்போது தலை நரைத்திருந்தது. "ரிக் அண்ணாவா!" என்று ஓடிப் போய் மோட்டாரைப் போட்டாள். கண்ணாடி மாதிரித் தண்ணீர். அப்பா பாட்டிலில் இருந்த மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு, ஊற்றிய அதே அளவுக்குப் பிடித்தார். அளவு தாண்டவில்லை என்று அம்மாவிடம் தூக்கிக் காட்டினார். உதடு வெடித்திருந்தது. நின்றபடியே முழுக்கக் குடித்தார்.

"உப்புக் கரிக்குது சாமி."

அந்தப் பெண் சங்கடப்பட்டுக்கொண்டு, "நாங்க குடிக்கிறது கேன் தண்ணிங்கண்ணா. இது தக்காளிக்கும் மாட்டுக்கும்தான். இத்தன வருசம் கழிச்சு வந்து குடிப்பீங்கன்னு யாரு கண்டா?" என்றாள். இதற்காகவா இந்த மனுஷன் நாள் பூரா வாயைக் கட்டினார்? அப்பா தொட்டியைப் பார்த்தார். "எத்தன மாடு?" "ஆறுங்கண்ணா." அம்மா பக்கம் திரும்பி, "ஆறு மாடு குடிக்குதாம்" என்றார். அம்மா இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு, "அப்படியொண்ணும் உப்பு இல்லீங்க" என்று கூசாமல் பொய் சொன்னாள். நானும் குடித்தேன். நல்ல உப்பு.

மறுநாள் காலை அப்பா அந்தத் தண்ணீரையே நாலு குழாயிலும் காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பச் சொன்னார். நிறைந்த குழாயில் தண்ணீர் ஓடவில்லை, முட்டவும் இல்லை. தொப்பூர் இறக்கத்தில் நான் பிரேக்கைத் தொடுகிற ஒவ்வொரு முறையும், பக்கத்தில் அப்பாவின் வலது காலும் வெறும் தரையை மிதித்தது. நான் விட்டால் அவரும் விட்டார். வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கட்டிலில் இருந்தார்.

அப்பா அதற்கப்புறம் ஒன்பது மாதம் இருந்தார். அந்தப் போரும் அதற்கடுத்த கோடைக்கு அடுத்த கோடையில் வற்றிவிட்டது. அந்தப் பெண் அம்மாவுக்குப் போன் போட்டு, யாரோ செத்துப்போனதைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். போன வாரம் பக்கத்து மனை ரிக் பையன்களிடம், "தண்ணி தெளிஞ்சதும் ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்கப்பா" என்றேன். "அடுத்த பாயிண்ட்டுக்கு நேரமாச்சுங்க்கா, வாரோம்" என்று ஏறிவிட்டார்கள். இப்போது அவர்கள் செருப்புக் காலோடுதான் ஏறுகிறார்கள்.

வண்டி மட்டும் வாசலில் நிற்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை பிரேக் எண்ணெய் மாற்றிக் காற்று எடுக்கிறேன். பாய் ஒரு குழாய் கொடுத்திருக்கிறார், அதன் நுனியில் சின்ன வால்வு. மாட்டிவிட்டால் காற்று வெளியே போகும், உள்ளே திரும்பாது. "இனிமே ஒத்த ஆளே போதும் டீச்சர், யாரும் மேல உக்காந்து மிதிக்க வேண்டாம்" என்று சந்தோஷமாகக் கொடுத்தார். நல்ல சாமான்தான், குறை சொல்ல முடியாது. நானே ஏறி மிதித்து, நானே இறங்கிப் பார்த்து, முக்கால் மணி நேரத்தில் நாலு சக்கரமும் முடிந்துவிடுகிறது. அப்பாவோடு செய்தபோது ஒரு நாள் முழுக்க ஆனது.