பெருமுக்கல் ஓடையில் காய்க்கும் ஒரு தாழை

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. ஒரு செடி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். வீட்டில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் தேவகி போன் செய்தாள். பெருமுக்கல் பக்கம் ஓடையை ஒட்டி அவளுக்குச் சொந்தக் கொல்லை இருக்கிறது, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற நிலம். போன வருடம் தாழை தேடி அலைந்தபோது பழக்கமானவள். "அக்கா, ஓடைய தூர்வார்றாங்க. ஜேசிபி வந்துக்கினு இருக்கு. நீங்க பயப்படாதீங்க, நல்ல செடிய வுட்டுட சொல்றேன்" என்றாள். பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே ஆரம்பிக்கும். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

தாழம்பூவைத் தெரியும், செடியைத் தெரியாது என்பவர்களுக்காக: ஓடைக்கரை, ஏரிக்கரை, கடலோரக் கழிமுகம் என்று ஈரம் நிற்கிற இடத்தில் வளரும் நம் ஊர்ப் புதர் இது. இலை ஓரமெல்லாம் முள். தண்டிலிருந்து இறங்கும் வேர்கள் கரையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மணக்கிற மடல் விரிப்பது ஆண். பெண் செடியில் அந்த மணமும் கிடையாது, மடலும் கிடையாது; அன்னாசிப்பழம் மாதிரி காய் தொங்கும். விதை அதில்தான். அந்த ஓடையில் நான் நடந்த தூரம் முழுக்கக் காய்க்கிற தாழை ஒன்றே ஒன்றைத்தான் பார்த்தேன்.

அழிந்துவரும் செடிகளின் பட்டியலில் தாழையைத் தேடாதீர்கள், உலகத்தில் பல கரைகளில் இருக்கிறது. என் கவலையே அதுதான். பட்டியலில் இல்லாத செடியை வெட்ட யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஓடையாகக் காலியாகும், கடைசி வரைக்கும் "அது எங்கும் இருக்கே" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம்.

காலை ஆறரைக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். திண்டிவனம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் கூட்டேரிப்பட்டில் டிரைவர் டீ குடிக்க இறங்கிவிட்டார். நான் வாட்ச்சைப் பார்ப்பதும் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பதுமாக இருந்தேன்.

"என்னாம்மா, ஆஸ்பத்திரிக்கா போறீங்க?" என்றார் கண்டக்டர்.

"ஆமாம் சார், அப்படித்தான் வச்சுக்கங்க."

பாவம், அவர் டிரைவரைப் பார்த்து "யோவ், ஜல்தியா வாய்யா" என்று சத்தம் போட்டார். பொய் சொன்ன கூச்சத்தில் திண்டிவனம் வரும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கிருந்து மரக்காணம் ரோட்டில் டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பெருமுக்கல் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். இறங்கி ஓடைக்கு மண் பாதையில் அரை மணி நடை. நான் நடக்கவில்லை, ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

தூரத்திலேயே ஜேசிபி சத்தம் கேட்டது. கரை மொட்டையாகக் கிடந்தது. ஒரே ஒரு புதர் மட்டும் நின்றது. அதன் பக்கத்தில் தேவகி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள், முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களாக்கா? காலைலேந்து சண்டை போட்டுக்கினு நிக்கறேன். பூ வுடற செடிய ஒரு எலை தொட வுடல. அந்தப் பக்கம் பூவே வெக்காத செடி ஒண்ணு நின்னுது பாருங்க, மலட்டுச் செடி, அத வேணா எடுத்துக்கங்கன்னு வுட்டுக்குடுத்தேன். அப்பதான் ஒத்துக்கினாங்க."

அவள் கை காட்டிய பக்கம் ஓடினேன். மண் குவியலில் அது வேரோடு மல்லாந்து கிடந்தது, இரண்டு காய்களும் தண்டில் அப்படியே இருந்தன. கோபம் வந்தது. யார் மேல் கோபப்பட? இந்தப் பக்கத்தில் பீரோவில் சேலைக்கு நடுவே வைப்பது பூவை, ஜடையில் வைத்துத் தைப்பது பூவை, சந்தையில் விலை போவதும் பூதான். காயை யாரும் தொடுவதுகூட இல்லை. நல்ல செடி என்றால் பூக்கிற செடி என்றுதானே அவள் நினைப்பாள்?

"தேவகி, காய்க்கிறதுதான் பொம்பளச் செடி. பூக்கிறது ஆம்பள."

அவள் தலையில் கை வைத்தாள். "ஐயய்யோ! கொழந்த பெக்கறவள தூக்கிக் குடுத்துட்டு, சென்ட்டு பூசிக்கினு நிக்கறவனுக்கா காவல் இருந்தேன்!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அதற்குள் அவள் ஜேசிபி முன்னால் போய் நின்றுவிட்டாள். "அண்ணா, அத அப்படியே தூக்கி என் கொல்லைல வையி."

"புதர்ல பாம்பு இருக்கும்மா. வண்டி உள்ள வந்தா உன் மல்லாட்டையும் போயிடும்" என்றார் ஆபரேட்டர்.

"மல்லாட்டை போனா போவுது, மறுபடி போட்டுக்கறேன். இத எங்க போய் வாங்குவேன்? தூக்குண்ணா!"

பூவும் பிஞ்சுமாக இருந்த மல்லாட்டை மேல் வண்டி ஏறி இறங்கியது. ஓடையைப் பார்த்த வரப்போரம் குழி எடுத்து, செடியை நிமிர்த்தி, கழிகளால் முட்டுக்கொடுத்தோம். வேர் பிடிக்கும்வரை வாடாமலிருக்க இலைகளைப் பாதிக்கு நறுக்கினோம். கைகளில் முள் கிழித்த இடம் இன்னும் எரிகிறது.

நீங்களும் போவதென்றால் மழைக்காலத்துக்கு முன்பே போங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள், கையில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், ஓடைப் பக்கம் கடை கிடையாது. தாழம்பூ எங்கே என்று கேட்காதீர்கள், அதை எல்லோரும் காட்டுவார்கள். காய்க்கிற தாழை எங்கே என்று கேளுங்கள். நாலு பேர் அப்படிக் கேட்டால்தான் ஊரில் அதற்கு ஒரு மதிப்பு வரும்.

வேர் பிடிக்குமா என்று தெரியவில்லை. தினமும் காலையில் போன் செய்து தேவகியைப் பேஜார் பண்ணுகிறேன். இன்று நான் கூப்பிடும் முன்பே அவள் கூப்பிட்டாள்.

"கீழ் எலையெல்லாம் காஞ்சிடுச்சுக்கா. நடுக்குருத்து மட்டும் பச்சையா கீது. நைட்டு மழ வந்துச்சு, சாஞ்சிடுமோன்னு போயி புடிச்சிக்கினு நின்னேன்."