மூன்றாம் பக்கத்து மூச்சு

நூலகத்துக்கு வருபவர்களுக்கு அவள் ஸ்கேனர் அக்கா. கட்டுக்கட்டாக வரும் பழைய தாள்களை ஸ்கேன் செய்வது வேலை. தயாரித்த கம்பெனி அந்த ஸ்கேனரைக் கைகழுவியதும், புதுக் கம்ப்யூட்டருக்கு அதனோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் போனது. இரண்டையும் பேசவைக்கும் டிரைவர் என்ற மென்பொருளைக் கேட்டால், “அது எங்க ரகசியம்” என்றார்கள். ஊர் உலகத்தில் இல்லாத ரகசியம்!

பிடிவாதக்காரி. தானே ஒரு டிரைவர் எழுதி இணையத்தில் போட்டாள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம். மாற்றி அடுத்தவருக்குக் கொடுத்தால் அதையும் இதே போலத் திறந்தே கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. முகம் தெரியாத எத்தனையோ பேர் வந்து அதைச் சீராக்கினார்கள்.

அவள் எழுதிய காலத்தில் தம்பி கூடவே கிடந்தான், வேலை இல்லாமல். ஒருநாள் ஸ்கேனரைத் தூக்குகிறேன் பேர்வழி என்று கீழே போட்டு, தாளை இழுக்கும் உருளையை வளைத்தான். அன்றிலிருந்து அடிக்கடி தாள் சிக்கியது. தலைமை நூலகருக்குத் தெரிந்தால் அவனை வாசல்படி ஏறவிடமாட்டார். அதனால் மூன்று பக்கத்துக்கு ஒருமுறை இயந்திரம் சற்று நின்று மூச்சுவிடும்படி டிரைவரில் எழுதிவைத்தாள். வேறெந்த ஸ்கேனருக்கும் அது தேவையில்லை. அந்த வரியை எடுக்க வேண்டும், எடுக்க வேண்டும் என்று நினைத்தே மறந்துபோனாள்.

பிறகு தம்பிக்கு வேறொரு ஸ்கேனர் கம்பெனியில் வேலை கிடைத்தது. அவர்களுடைய புது ஸ்கேனரை நூலகத்தில் பொருத்த அவனே வந்தான்.

“டிரைவர் நானே எழுதினதுக்கா. பூட்டி வெச்சிருக்கு, உள்ள யாரும் பார்க்க முடியாது.”

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. தாள்களை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. இயந்திரம் நின்றது. மூச்சுவிட்டது. மறுபடி ஓடியது.

புத்தம் புது உருளை. வளைவே இல்லை. நின்று மூச்சுவிட இதற்கு ஒரு காரணமும் இல்லை.

“இது என்னோடதுடா.”

தம்பி திரும்பவில்லை. “யார் வேணா எடுத்துக்கலாம்னு நீதானே சொன்னே?”

“திறந்து கொடுக்கணும்னும் சொன்னேன். என் பேரு எங்கே? மத்தவங்க பேரு எங்கே?”

“எடுத்துட்டேன். இதுல பாதி எங்க கம்பெனி ரகசியம், பாதி உன் நிபந்தனைல வந்தது. ரெண்டும் ஒத்துப்போகாதுன்னு கம்பெனில சொன்னாங்க. நீயே எனக்குப் பூட்ட அனுமதி குடுத்ததா ஒரு வார்த்தை சொல்லிடுக்கா. வீட்டு விஷயம்தானே?”

“எப்படிடா சொல்வேன்? என் சொத்து மட்டும்னா தூக்கிக் கொடுத்திருப்பேன். அத்தனை பேர் உழைப்பு. கேட்டிருந்தா உனக்குன்னு வேற ஒண்ணு நானே எழுதித் தந்திருப்பேனே.”

உண்ட வீட்டுக்கே இரண்டகம். அதுவும் சோறு போட்ட கைக்கு.

“அதைச் சீராக்கினவங்க எல்லாருக்கும் எழுதப்போறேன்,” என்றாள்.

“என் வேலை போயிடும்க்கா! பூட்டினதுக்குள்ள இருக்கறது உன்னோடதுதான்னு எப்படி நிரூபிப்பே?”

அவள் இயந்திரத்தைக் காட்டினாள். ஆறாம் பக்கம் முடிந்தது. இயந்திரம் நின்று மூச்சுவிட்டது.

“அது ஏன் நிக்குதுன்னு தெரியுமாடா?”

“தெரியாது. எடுத்தா ஏதாவது கெட்டுப்போகுமோன்னு விட்டுட்டேன்.”

“நீ திட்டு வாங்கக் கூடாதுன்னு எழுதினது.”