பதினைந்து வடை

ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தால் இரண்டு நாளைக்குக் குறை சொல்லிக்கொண்டே இருப்பேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்வேன்தான். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவளுக்கு வாயில்லையா? நுவரெலியாவில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துக் கடையில் தோசை அடுப்பிலிருந்து மேசைக்கு வருவதற்குள் ஆறி விறைத்துவிடும். ஊர்க் குளிர் அப்படி, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் சட்டினியையுமா பனியில் வைத்திருந்து எடுத்து வர வேண்டும்? ராகலைக் கடையில் இடியப்பம் பூப்போல இருக்கும், சொதிதான் வெறும் தண்ணீர். வட்டவளை ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சாயக்கடையில் பால் விடாத பிளேன்டித் தேத்தண்ணி மட்டும் குடிக்கலாம். அதற்கு மேல் அங்கே எதையும் நம்பக்கூடாது. ஒருதரம் பணிஸ் என்ற பன் ஒன்றை வாங்கிக் கடித்துவிட்டு இரண்டு நாள் பல்லைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

கல்யாணமான பிறகு இத்தனை கடைகளில் ஏறி இறங்கியும் என் வீட்டுக்காரர் ஒரு வடையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. தோசை சாப்பிடுவார், பூரி சாப்பிடுவார், வடை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதற்குக் காரணம் ஹட்டன் சைவக் கடை.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து எட்டு வருஷமோ ஒன்பது வருஷமோ இருக்கும். எனக்குப் பத்தொன்பது வயது. வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். அம்மா முந்தின வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். அப்பாவுக்கு என்னை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அவசரம். தலவாக்கலைப் பக்கம் என் தாய்மாமன் இருந்தார். பெண்டாட்டி செத்தவர், வயது நாற்பதைத் தாண்டியவர், சம்பளத்தன்று சாராயக் கடையில்தான் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். உரிமைப் பெண் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். என்னை இரண்டு பேர் வந்து பார்த்து, இரண்டும் கூடி வரவில்லை. மூன்றாவதும் கூடாவிட்டால் தை பிறந்ததும் மாமனுக்குத்தான் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். நான் அழுதேன், கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாவது மாப்பிள்ளை ராகலைப் பக்கத்துத் தோட்டத்தில் பேக்டரியில் வேலை செய்கிறவர். அவரை எங்கள் தோட்டத்துக்கு வரவழைக்க அப்பாவுக்கு இஷ்டமில்லை. வெளியாள் தோட்டத்துக்குள் வருவதென்றால் தொரையிடம் கேட்க வேண்டும். யார், எதற்கு என்று ஆயிரம் கேள்வி. அதோடு போன இரண்டு தடவையும் லயத்து வரிசை வீடு முழுக்கத் திரண்டு வந்து எட்டிப் பார்த்தது. சம்பந்தம் முறிந்த பிறகு நான் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால், "என்னடி, அடுத்தவன் எப்ப வாறான்?" என்று கேட்பார்கள். இந்தத் தடவை ஒருவருக்கும் தெரியாமல் டவுனிலேயே வைத்துக்கொள்வோம் என்றார் அப்பா. அவர் யூனியன் வேலையாக மாதம் இரண்டு தடவை ஹட்டனுக்குப் போய் வருகிறவர். கடைகண்ணியெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

நான் அதுவரை ஹோட்டலுக்குள் கால் வைத்ததில்லை. பெண்களுக்கென்று ஒரு மூலையில் பூப்போட்ட சீலைத் துணியால் மறைத்து வைத்திருந்தார்கள். அதற்குள் நானும் மாப்பிள்ளையின் அக்காவும் உட்கார்ந்தோம். வெளியே ஒரு மேசையில் அப்பாவும் மாப்பிள்ளையும். கை கழுவப் போகிற சாக்கில் நான் ஒருதரம் அந்த மேசையைக் கடந்து போய்வர வேண்டும், அதுதான் ஏற்பாடு. போனேன், வந்தேன். அவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு டக்கென்று குனிந்துகொண்டார். "உள்ள போய் எதையும் தொடாத. சோத்துக்கு அலைஞ்சவளுன்னு சொல்லிப்புடுவாங்க" என்று அப்பா ரயிலிலேயே சொல்லி வைத்திருந்தார். சாப்பிடப் போகாத கையை எதற்குக் கழுவ வேண்டும் என்று அவரிடம் யார் கேட்பது?

சப்ளையர் இரண்டு மேசைக்கும் ஒவ்வொரு தட்டு கொண்டுவந்து வைத்தார். உளுந்து வடை நாலு, பருப்பு வடை நாலு. அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்தது. எனக்கு விடிகாலையில் தின்ற ரொட்டி எப்போதோ கரைந்துபோயிருந்தது. அந்த வாசனைக்கு நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்வேன்! அக்கா ஒரு வடையை எடுத்துக்கொண்டு, கொழுந்து எத்தனை கிலோ... இல்லை, அப்போது றாத்தல் கணக்கு, எத்தனை றாத்தல் பறிப்பாய், தைக்கத் தெரியுமா என்று கேட்கத் தொடங்கினார். அவருக்கு மறைப்புத் துணி முதுகுப் பக்கம். எனக்கு எதிரே துணியில் ஒரு கிழிசல், அதன் வழியாக அந்த மேசை நன்றாகத் தெரிந்தது.

அப்பா ஒரு வடையை எடுத்துக்கொண்டு, "சாப்பிடுங்க தம்பி" என்றார். மாப்பிள்ளை ஒன்று சாப்பிட்டார். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க." இன்னொன்று சாப்பிட்டார். இப்படியே தட்டில் இருந்த ஏழும் போனது. நல்ல பசி போலிருக்கிறது என்று நினைத்தேன். தட்டு காலியானதைப் பார்த்த சப்ளையர் சும்மா இருப்பாரா? மறுபடியும் எட்டைக் கொண்டுவந்து அடுக்கினார். மாப்பிள்ளை அந்தத் தட்டைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "சாப்பிடுங்க தம்பி, கூச்சப்படாதீங்க" என்றார் அப்பா.

இரண்டாவது தட்டை அவர் தின்ற விதத்தை நான் மறக்கவே மாட்டேன். ஒரு கடி, ஒரு மடக்குத் தண்ணீர். ஹட்டன் குளிரில் நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகியது. அப்பா பேச்சை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வடையை மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். சப்ளையர் மூன்றாவது தட்டோடு அந்த மேசைப் பக்கம் திரும்புவதற்கும், அக்கா எழுந்து, "தம்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கூப்பிடுவதற்கும் சரியாக இருந்தது. மனுஷன் துள்ளி எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் அப்பா சொன்னார், "வேணாம்மா. இது சரிப்பட்டு வராது."

"ஏம்பா?"

"பதினஞ்சு வடை தின்னுருக்கான். பொண்ணு பாக்க வந்த எடத்துல பதினஞ்சு வடை! இவனுக்குத் தோட்டத்துல குடுக்குற அரிசி ரெண்டு நாளைக்குக் காணுமா? நீ பட்டினி கெடந்து சாவ. ஒம் மாமனுக்கே சொல்லி விட்டுருவோம்."

சாராய வாடையோடு மாமன் எங்கள் காம்பரா வீட்டில் வந்து உட்காருவது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அந்தக் காலத்தில் கல்யாணப் பேச்சில் பெண் வாயைத் திறக்கக்கூடாது. நான் திறந்தேன்.

"வச்சத மிச்சம் வச்சா மரியாதையில்லன்னு தின்னுருப்பாருப்பா."

"என்னா மரியாதை? கடையில தட்ட நெறைச்சித்தான் வைப்பான். வேணுங்கிறத எடுத்துக்கிட்டா, தின்னதுக்கு மட்டும் காச வாங்கிக்கிட்டு மிச்சத்தத் தூக்கிட்டுப் போயிருவான். இதுகூடவா ஒருத்தனுக்குத் தெரியாது?"

"எனக்குத் தெரியாது."

அப்பா திரும்பிப் பார்த்தார்.

"நெசமாத்தாம்பா. எங்களுக்கும் ஒரு தட்டு வந்துச்சு. நீங்க தொடாதன்னு சொன்னதாலதான் சும்மா இருந்தேன். இல்லாட்டி நானும் அவ்வளவையும் தின்னுருப்பேன். நம்ம லயத்துல வச்ச சோத்த மிச்சம் வச்சா விடுவாங்களா? அவரு பசிக்கு ஒண்ணும் தின்னல. பசிச்சவன் தண்ணியக் குடிச்சிக் குடிச்சி முழுங்குவானா? நீங்க சாப்பிடுங்க சாப்பிடுங்கன்னு சொன்னீங்க, அந்த மனுஷன் சாப்பிட்டுச்சு."

இவ்வளவையும் சொல்லிவிட்டு எனக்கே பயமாகிவிட்டது. அறை விழும் என்று நினைத்தேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரொசல்லையில் ரயில் நின்று புறப்பட்டது. வட்டவளையில் இறங்கிப் பாதையில் கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று கிட்டப் போய்ப் பார்த்தால், சிரிக்கிறார்.

"நானும் வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கல பாத்தியா. பாவம், அந்தப் பயலக் கொல்லப் பாத்திருக்கேன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராகலைக்கு ஆள் அனுப்பினார். கார்த்திகை பிறப்பதற்குள் கல்யாணம் முடிந்தது. மாமன் கல்யாணத்துக்கு வந்து, குடித்துவிட்டுச் சண்டை போட்டுவிட்டுப் போனார்.

மறுவீட்டுக்கு அப்பாவைப் பார்க்கப் புறப்பட்ட அன்று ஹட்டனில் பஸ்ஸிலிருந்து இறங்கினோம். ரயிலுக்கு நேரம் இருந்தது. நான்தான் அவரைப் பிடிவாதமாக அந்தக் கடைக்கே இழுத்துக்கொண்டு போனேன். மறைப்புக்குள் போகவில்லை, வெளியிலேயே எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். பிளேன்டி போதும் என்றார் அவர். சப்ளையர் கேட்காமலே தட்டைக் கொண்டுவந்து வைத்தார். இவர் பாம்பைக் கண்டவர் போல நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"பயப்படாதீங்க. வேணுங்கிறத எடுத்துக்கிட்டா போதும். மிச்சத்த அவங்களே கொண்டு போயிருவாங்க" என்றேன்.

"மிச்சம் வைக்கலாமா?" அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "அட கடவுளே! அன்னைக்கு ராகலைக்குப் போறதுக்குள்ள ரெண்டு எடத்துல பஸ்ஸ நிப்பாட்டி எறங்குனேன். அக்கா ஏசுன ஏச்சு கொஞ்சமில்ல."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏங்க, முடியலன்னா முடியலன்னு சொல்லக்கூடாதா? எங்கப்பா என்ன சிங்கமா புலியா?"

அவர் கிளாஸை உருட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "எங்க தோட்டத்துல பொண்ணு புடிக்கலன்னா பலகாரத்தத் தொடாம எந்திரிச்சிருவாங்க. அரைகொறையா வச்சா அரை மனசுன்னு அர்த்தம். நீ கை கழுவப் போனப்ப ஒன்னையப் பாத்துட்டேன். ஒரு வடைய மிச்சம் வச்சாக்கூட, ஒன்னைய எனக்குப் புடிக்கலன்னு ஒங்கப்பா நெனைச்சிருவாரோன்னு பயந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். உளுந்து வடை நாலு, பருப்பு வடை நாலு. அவர் போதும் போதும் என்று சொல்லச் சொல்ல, ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றேன்.