லேபிள் இல்லாத சட்டைகள்

பால்காரர் ஊற்றும்போதே நுரையைக் கழித்துப் பார்க்கிற ஆள் நான். என் வேலையும் அதற்குத் தோதானதுதான். திருச்சி கே.கே. நகர் தாண்டி ஒரு ஏற்றுமதி கார்மென்ட்ஸில் கடைசி செக்கிங். பிழை இருக்கும் என்று நம்பித்தான் எந்தச் சட்டையையும் கையில் எடுப்பேன்.

நம் துணிக்கு அமெரிக்கா வரியை ஏற்றியதும் ஆர்டர் படுத்துவிட்டது. டெல்லியில் பேச்சுவார்த்தை நடக்கிறது, பத்து நாளில் முடிந்துவிடும், அதுவரை வாரம் மூன்று நாள் வேலைதான் என்றார் மேனேஜர். பத்து நாள் மாதக்கணக்கில் நீண்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது போனில் பார்ப்பேன்; பேச்சு சுமுகமாக நடந்தது என்று போட்டிருக்கும். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. பேசுகிறவர்களுக்கு யார் சம்பளத்தைப் பிடிக்கிறார்கள்?

திடீரென்று ஒரு நாள் எல்லோரையும் வரச் சொன்னார்கள். அவசர ஆர்டர். ஆனால் கழுத்தில் 'மேட் இன் இந்தியா' லேபிள் தைக்க வேண்டாமாம். ஏன் என்று கேட்டதற்கு, வாங்குகிறவர்களே தைத்துக்கொள்வார்கள் என்றார் மேனேஜர், என் முகத்தைப் பார்க்காமல். நான் போய்ப் பெட்டியில் ஒட்டியிருந்த முகவரியைப் படித்தேன். அமெரிக்கா இல்லை, வரி குறைவாக உள்ள வேறொரு நாடு. அங்கே போய் அந்த ஊர் லேபிளோடு அமெரிக்கா ஏறப்போகிறது. அடப்பாவிகளா என்று நினைத்துக்கொண்டேன்.

அதைவிட மோசம் செக்கிங் தாள். 'லேபிள் சரி' என்ற கட்டத்தில் டிக் போட்டு நான் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டினால் அந்தத் தாளைத்தான் காட்டுவார்கள். மேனேஜர் கையெழுத்து அதில் எங்குமே கிடையாது.

மறுநாள் சமயபுரத்தில் வேண்டுதல் என்று லீவ் சொன்னேன். அம்மன் பெயரைச் சொன்னால் அவர் மறுக்க மாட்டார். வேண்டுதலாவது ஒன்றாவது, வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். என் டேபிளை, பக்கத்து டேபிளில் பட்டனும் தையலும் மட்டும் செக்கிங் பார்ப்பவளிடம் ஒப்படைத்திருந்தேன். அவள் கணவர் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தார். அவள் சம்பளத்தில்தான் நாலு பேர் சாப்பாடு. தாளைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவளும் லீவ் போடுவாள், பிறகு என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

பெட்டிகள் துறைமுகத்திலேயே மாட்டின. லேபிள் இல்லாத சட்டையைச் சரி என்று அனுப்பியது செக்கரின் தவறு என்று சொல்லி அவளை நிறுத்திவிட்டார்கள். பிறகு அமெரிக்கா வரியைக் கொஞ்சம் குறைத்தது. எல்லோருக்கும் முழு வாரம் வேலை வந்தது. அவளைக் கூப்பிடவில்லை.

போன மாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துவிட்டு அவளே வந்தாள். இளைத்திருந்தாள்.

"அக்கா, அந்தத் தாள் விஷயம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.

"அதானே. தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லாம இருப்பீங்களா" என்று என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, பஸ் ஏறிப் போனாள்.