நடுவர் செய்த சிபாரிசு

வேங்கிக்காலில் நடந்த பெண்கள் கூடைப்பந்துப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரியைத் தேர்வு செய்யும் பொறுப்பு எனக்கு. விதிப்புத்தகத்தை முழுதாகப் படிக்கும் ஓய்வூதியர் ஊரில் வேறு யார்? இறுதியாட்டம் முடிந்ததும் நடுவர் வந்தார். ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. ஒவ்வொரு முறை ஊதிய பின்னும் விசிலைச் சட்டை நுனியில் துடைப்பார்.

"தோத்த டீம்ல அந்தக் கீழ்பென்னாத்தூர் பொண்ணுக்குக் குடுங்க சார்."

"அஞ்சு ஃபவுல் ஆகி பாதியில வெளிய போனவளுக்கா?"

"அஞ்சாவது அவ மேல தப்பில்லீங்க. நான்தான் தப்பா ஊதிட்டேன்."

"உங்க தப்புக்கு என் விருது நஷ்டஈடா?"

"அவ வெளிய போற வரைக்கும் எந்த டீம் ஜெயிச்சினு இருந்துச்சு? நீங்களே பாத்தீங்களே சார்."

பார்த்திருந்தேன். அவளுக்கே கொடுத்தேன். ஜெயித்த அணி கூச்சலிட்டபோது, அவரே மைக்கை வாங்கித் தன் தவறைச் சொன்னார்.

மேல்முறையீடு வரும்வரை எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாத அதிகாரிகளோடு காலம் தள்ளியவன் நான். மறுவருடம் போட்டிக் குழுவினர் அந்த நடுவரை அழைக்கவில்லை, தவறு செய்பவராம். மற்ற நடுவர்கள் தவறே செய்வதில்லை போலும்.

இப்போதும் அந்த மைதானத்தில் விசில் கேட்டால் நின்றுவிடுகிறேன். ஊதியவர் அதைத் துடைக்கிறாரா என்று பார்க்கிறேன்.