தம்பி பேரில் சேர்ந்த வேலை

செய்தி வந்தபோது சாயங்காலம் நாலு மணி. தேவாரத்தில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் கூச்சல் போட்டுக்கொண்டு போகிற நேரம். செல்லத்தாய் அண்ணன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு ஜீப்பு வந்து நின்றது. போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற பொன்னுமணியின் ஜீப்பு. அவன் இறங்கித் துண்டை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டான். முகத்தில் வியர்வை எதுவும் இல்லை.

"பேச்சிமுத்து அண்ணன் வீடு இதுதானா?"

"என் தங்கச்சி மாப்பிள்ளைதான். ஆளு இங்க இல்ல, திருப்பூர்ப் பக்கம் சோலி தேடிப் போயிருக்காரு. என்ன விசயம்?" என்றான் செல்லத்தாயின் அண்ணன் ராஜாராம்.

"அவரு தம்பி சுருளி காலையில செத்துப் போனாருண்ணே. மலையில, தோட்டத்துல. குளிர்காய்ச்சல். ஏதாச்சும்னா அண்ணன் பேச்சிமுத்துக்குத் தேவாரத்துல சொல்லிவிடுங்கன்னு முன்னமே சொல்லி வச்சிருந்தாராம். கங்காணி அனுப்பிவிட்டாரு."

ராஜாராம் வாயைப் பிளந்தான். "சுருளியா? மீசை முளைக்கும் முன்ன ஓடிப் போன பயலாச்சே. இம்புட்டு நாளும் உசுரோடயா இருந்தான்?"

உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி அன்னக்கொடி தலையை நீட்டினாள். "கண்ணால பாக்காத கொழுந்தன். ஒரு தலை முழுக்கு முழுகிட்டு வந்து கடலையை உடை, செல்லத்தாயி. நாளைக்கு விதைக்கணும்."

பொன்னுமணி பேசியதெல்லாம் ராஜாராமிடம். ஆனால் பார்வை செல்லத்தாயின் மேலேயே இருந்தது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். இவனுக்குத் தெரியும் என்பது அவளுக்குப் புரிந்தது. செத்தது கொழுந்தன் இல்லை. அவள் புருசன் பேச்சிமுத்து.

பேச்சிமுத்து ராசிங்காபுரத்துக்காரன். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரே ஏலத்தோட்டத்தில் வேலை. காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுவான். அதிகம் பேச மாட்டான்; பேசினால் எதிராளியைச் சிரிக்க வைக்காமல் விட மாட்டான். செல்லத்தாய்க்கு வயிற்றில் கட்டி வந்து மதுரையில் ஆப்பரேசன் செய்தபோது தோட்டத்தில் முன்பணம் வாங்கினான். வேலை செய்து கழித்துவிடலாம் என்பதுதான் கணக்கு. எல்லாரும் அப்படித்தான் வாங்கினார்கள், கழித்தார்கள்.

மழை அந்தக் கணக்கைக் கெடுத்தது. எண்பத்தி இரண்டில் பெய்ய வேண்டியது பெய்யவில்லை. எண்பத்தி மூன்று கோடையில் மலையே காய்ந்து, ஏலச்செடிகள் நின்ற இடத்திலேயே பழுத்து மடிந்தன. காட்டுத்தீ சில தோட்டங்களுக்குள்ளேயே இறங்கியது. உலர்த்தக் காய் இல்லாதபோது ஸ்டோருக்கு அடுப்பு எதற்கு, அடுப்புக்கு ஆள் எதற்கு? பாதிப் பேரைக் கணக்கு முடித்து இறக்கிவிட்டார்கள். பேச்சிமுத்துவுக்குக் கணக்கு முடியவில்லை. பாக்கியோடு இறங்கினான்.

பாக்கியைக் கேட்டு யாரும் வீட்டுக்கு வரவில்லை. மலையில் அந்த வழக்கம் கிடையாது. பாக்கி உள்ளவனை வேறு தோட்டம் எடுக்காது, அவ்வளவுதான். விடியற்காலையில் போடியில் ஜீப்புகள் நிற்கிற இடத்தில் கங்காணிகள் ஆள் பிடிப்பார்கள். "கை சுத்தமா?" என்று ஒரே கேள்வி. வந்தவன் என்ன சொன்னாலும் அது பதில் ஆகாது. கங்காணி திரும்பி ஜீப்பு டிரைவரைப் பார்ப்பார். எந்தத் தோட்டத்தில் எவன் பாக்கி வைத்து இறங்கினான் என்பது டிரைவர்களுக்கு அத்துப்படி. டிரைவர் தலையை ஆட்டினால் ஏறலாம். வெறுமனே வேறு பக்கம் பார்த்தால் இறங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பேச்சிமுத்துவைக் கண்டதும் பொன்னுமணி வேறு பக்கம் பார்த்தான். மற்ற டிரைவர்களும் அப்படியே. வேலை உள்ள தோட்டம் நாலு, நிற்கிற ஆள் நானூறு என்கிற காலத்தில் கை சுத்தமானவனுக்கே இடம் இல்லை. கோடை முழுக்க அவன் போனான், நின்றான், வெயில் ஏறியதும் திரும்பினான். ராசிங்காபுரத்து வீட்டில் உலை வைக்க வழியில்லாமல் செல்லத்தாய் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். கூடவே அவனும் வந்தான். மச்சினன் வீட்டுச் சோற்றுக்கு முன்னால் அவன் பேச்சும் சிரிப்பும் நின்றுபோயின.

ஆடியில் மழை இறங்கியது. தோட்டங்களில் புதுச்செடி வைக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் அவளைக் கூப்பிட்டான். மீசையை எடுத்திருந்தான்.

"எப்படி இருக்கேன்?"

"தோலுரிச்ச கோழி மாதிரி இருக்கீக. எதுக்கு இந்தக் கோலம்?"

"சுருளி பேர்ல ஏறப் போறேன். அவனுக்கு எந்தத் தோட்டத்துலயும் பாக்கி இல்ல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "கண்டுபிடிச்சா?"

"பிடிச்சா இறக்கி விடுவான். இப்ப மட்டும் ஏத்தியா விட்டிருக்கான்? உங்க அண்ணங்கிட்ட மூச்சு விட்டிராத. டீக்கடையில சொல்லிருவாரு, மறுநாள் அத்தனை ஜீப்புக்கும் தெரிஞ்சிரும். திருப்பூருக்குப் போறேன்னு சொல்லு."

"அப்ப நான் அங்க வந்தா யாரு?"

"சுருளி பொஞ்சாதி."

"கொழுந்தனுக்கு வாக்கப்பட்டவன்னு ஊரு சிரிக்கும்." சாணிக்கூடையை ஓங்கினாள். அவன் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தான்.

தீபாவளிக்குத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அறை தருவார்கள், வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிப் போனான். அவள் எதிர்பார்த்திருந்தது அந்த அறையைத்தான். யார் வீட்டுச் சோற்றுக்கும் கடன்படாத ஓர் அடுப்பு.

இப்போது ஜீப்பு வாசலில் நின்றது. பொன்னுமணி அவளுக்காகக் காத்து நின்றான். கடலைத்தோலை மடியிலிருந்து உதறிவிட்டு எழுந்தாள்.

"நான் போறேன்."

"கிறுக்கா உனக்கு?" என்றான் ராஜாராம். "அவரு வந்ததும் போகட்டும். பொம்பள போயி என்ன செய்யப்போற?"

"அவுக இல்லைல்ல. நாந்தான் போகணும்."

ஜீப்பு போடிமெட்டு ஏறியது. இருட்டும் மூடுபனியும் ஒன்றாக இறங்கின. ஒரு வளைவில் பொன்னுமணி பேச ஆரம்பித்தான்.

"மீசையை எடுத்துட்டு வந்து, சுருளின்னாரு. கங்காணி என்னைப் பார்த்தாரு. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. தலையை ஆட்டிட்டேன்." கொஞ்சதூரம் போனபின், "கோடையிலயே ஆட்டியிருக்கலாம்," என்றான்.

லயத்து வாசலில் பெட்ரோமாக்ஸ் எரிந்துகொண்டிருந்தது. போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவனைத் தெரிந்தவர்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு மாதப் பழக்கம். அழ ஆள் இல்லாத சாவு அது.

கங்காணி அமாவாசை நல்ல மனுசன். அவளைத் தனியே கூப்பிட்டார்.

"நீ சுருளிக்கு மதினியா, ஆத்தா?"

அவள் போர்த்திக் கிடந்த உடம்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது சுருளி இல்லைன்னு எனக்கும் தெரியும். அடுப்பு பத்தவச்ச கையைப் பார்த்ததுமே தெரியும். நான் கேக்குறது வேற. மதினின்னு சொன்னியானா, அவன் கூலி முழுசும் உன் கையில குடுத்து விடியுமுன்ன அடக்கம் பண்ணி அனுப்பிருவேன். பொஞ்சாதின்னு சொன்னியானா, பேரு வெளிய வந்திரும். பழைய தோட்டத்துக்காரன் பாக்கிக்குக் கூலியைப் பிடிச்சுக்குவான். நாளைக்கு நீ போயி நின்னாலும், பேச்சிமுத்து பொஞ்சாதின்னு ஒருத்தனும் ஏத்த மாட்டான். யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க நிறைய இருந்தது. அண்ணன் வீட்டில் அந்தப் பணத்துக்கு ஒரு மரியாதை இருக்கும். மதினியாக இறங்கினால் கழுத்துத் தாலியோடு இறங்கலாம்; ஆனால் அது யாருக்கான தாலி? புருசன் திருப்பூரிலிருந்து எப்போது வருவான் என்று ஊர் கேட்கும், அவளும் ஆயுசு பூராவும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

அதற்குள் லயத்துப் பெண் ஒருத்தி வழக்கத்துக்காக ஒப்பாரி எடுத்தாள். "சுருளி, என் ராசா" என்று இழுத்தாள்.

செல்லத்தாய் கங்காணியை விட்டுவிட்டு அங்கே போனாள். அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டாள்.

"சுருளி இல்ல, ஆத்தா. பேச்சிமுத்து. ராசிங்காபுரத்துப் பேச்சிமுத்து. என் புருசன்."

அந்தப் பெண் விழித்தாள். பிறகு, கேள்வி எதுவும் கேட்காமல், பேரை மாற்றி முதலிலிருந்து எடுத்தாள். செல்லத்தாய் அப்போதுதான் உட்கார்ந்து அழுதாள்.

கங்காணி சொன்னபடியே எல்லாம் நடந்தது. கூலி பழைய தோட்டத்துக்குப் போனது. "ஒரு வார்த்தையை முழுங்கத் தெரியாதவ" என்று ராஜாராம் மாதக்கணக்கில் திட்டினான். போடியில் ஏலக்காயைத் தரம் பிரித்துப் பொறுக்குகிற சரக்குக் கிட்டங்கிகளில் அவள் பேரைச் சொன்னதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். தோட்டங்கள் மறுபடி காய்த்து ஆள் தேவைப்பட்ட பிறகு பழைய பாக்கியை யாரும் கேட்கவில்லை. ஒரு கிட்டங்கியில் உட்கார இடம் கிடைத்தது. போடியிலேயே வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தனியாகப் பொங்கித் தின்றாள். உண்மையான சுருளி எங்கே இருந்தான் என்று கடைசி வரை தெரியவில்லை.

மலைக்கு அவள் மறுபடி போகவில்லை. அடக்கம் முடிந்த காலையில் தீபாவளிக்கென்று அவனுக்கு ஒதுக்கியிருந்த லயத்து அறைக்குள் கொஞ்சநேரம் நின்றாள், அவ்வளவுதான். ஒரு மூலையில் அவன் புதிதாக மண் அடுப்பு போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். பானை உட்காருகிற மூன்று குமிழில் இரண்டு வைத்திருந்தான். மூன்றாவதற்குப் பிசைந்த மண் பக்கத்தில் ஈரச் சாக்கால் மூடியிருந்தது.